மண்டபம் முகாம்: கடைக்கு வர்றவங்க திரும்பத் திரும்பக் கேக்குற கேள்விகள்

மண்டபத்துல ஜெராக்ஸ், டைப்பிங், ஆன்லைன் அப்ளிகேஷன்னு ஒரு சின்னக் கடை வச்சிருக்கேன். நானும் முகாம்ல வளந்தவன்தான், 90ல இலங்கை மன்னார் பக்கம் பேசாலையில இருந்து அம்மா இடுப்புல உக்காந்து வந்தவன். கடைக்கு முகாம் சனமும் வருது, ஊர்க்காரங்களும் வர்றாங்க, ராமேஸ்வரம் போற டூரிஸ்டும் தண்ணி பாட்டில் வாங்க நின்னு ஏதாவது கேக்குறாங்க. கேள்வி எல்லாம் அதே பத்துப் பதினஞ்சுதான். ஒவ்வொருத்தருக்கும் முதல்ல இருந்து சொல்லி வாய் வலிச்சதால எழுதி வைக்கிறேன். நான் வக்கீல் இல்ல, ஃபாரம் நிரப்புறவன், அதை மனசுல வச்சுப் படிங்க.

மண்டபம் கேம்ப்னு ஸ்டேஷனுக்கே பேர் இருக்கே, இது மிலிட்டரி கேம்பா அண்ணே?

இல்ல தம்பி. இலங்கையில இருந்து வந்த தமிழ் சனம் இருக்குற முகாம். ஆனா கேம்ப்ங்குற பேரு எங்களுக்கு ரொம்ப முன்னாடியே வந்துருச்சு. வெள்ளக்காரன் காலத்துல சிலோன் தேயிலைத் தோட்டத்துக்கு ஆள் கூட்டிட்டுப் போனப்ப, கப்பல் ஏத்துறதுக்கு முன்னாடி காலரா, அம்மை ஏதாவது இருக்கான்னு பாத்து ஊசி போட்டு சில நாள் தங்க வைக்க சிலோன் அரசாங்கம் நடத்துன இடம் இது. 1914ல பாம்பன் பாலம் திறந்தப்புறம் ரயில்ல தனுஷ்கோடி, அங்கிருந்து கப்பல்ல தலைமன்னார், அதான் ரூட்டு.

83 கலவரத்துக்குத் தப்பி வந்தவங்களையும் இதே இடத்துலதான் தங்க வச்சாங்க. நூறு வருஷத்துக்கு முன்னாடி அங்க போனவங்களும் இந்த வாசல் வழியாத்தான், அடிபட்டு இங்க வந்தவங்களும் இந்த வாசல் வழியாத்தான். இப்ப அரசாங்கக் கணக்குல பேரு 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்'. 2021 ஆகஸ்ட்ல மாத்துனாங்க, அதுக்கு முன்னாடி 'அகதிகள் முகாம்'. போர்டு மாறிருச்சு, ஆட்டோக்காரர் இன்னும் 'கேம்ப்பா, ஏறு'ன்னுதான் சொல்வாரு.

எல்லாரும் 83ல வந்தவங்கதானே? நாப்பது வருஷமா இங்கயேவா இருக்காங்க?

எல்லாரும் இல்ல. நாலு தடவையா வந்தாங்க. 1983 ஜூலை கலவரத்துல இருந்து 87 வரைக்கும் முதல் கூட்டம். 87 ஜூலை 29ல ராஜீவ் ஜெயவர்தனா ஒப்பந்தம் ஆனதும் கொஞ்சப் பேரு திரும்பிப் போனாங்க. 1990 ஜூன்ல மறுபடி சண்டை பிடிச்சதும் ரெண்டாவது கூட்டம், நாங்க அதுலதான். 95 கடைசில யாழ்ப்பாணத்தை ஆர்மி பிடிச்சப்புறம் மூணாவது. 2006ல இருந்து 2009 மே மாசம் போர் முடியுற வரைக்கும் நாலாவது. எல்லாம் சேத்தா மூணு லட்சம் பேருக்கு மேல. இதுல போயிட்டு திரும்பவும் வந்தவங்களும் உண்டு, எங்க பக்கத்து வீட்டு பெரியப்பா மூணு தடவை கடல் கடந்தவரு, அவரு எந்தக் கணக்குல சேருவாருன்னு அவருக்கே தெரியாது.

இப்ப தமிழ்நாடு முழுக்க நூத்துச் சொச்சம் முகாம்ல அம்பதாயிரத்துக்கு மேல இருக்காங்க, போலீஸ்ல பதிவு பண்ணிட்டு வெளிய வாடகைக்கு இருக்குறவங்க அதுபோக முப்பதாயிரத்துக்கு மேல. 2022 மார்ச் 22ல இருந்து இன்னொரு கூட்டம், அது குண்டுக்குப் பயந்து வந்தது இல்ல, அரிசிக்கும் பால்மாவுக்கும் வழியில்லாம வந்தது.

தனுஷ்கோடி பக்கம் மணல் திட்டுல குடும்பத்தோட தவிச்சாங்கன்னு நியூஸ்ல போடுறாங்களே, ஏன் அங்க போய் நிக்கிறாங்க? கரைக்கே வர வேண்டியதுதானே?

அவங்களா போய் நிக்கல, இறக்கி விடப்பட்டவங்க. தனுஷ்கோடில இருந்து தலைமன்னாருக்கு கடல் வழி முப்பது கிலோமீட்டர் கிட்டத்தான். நடுவுல வரிசையா தீடை, அதாவது மணல் திட்டு இருக்கு, எங்காளுக ஒண்ணாம் தீடை ரெண்டாம் தீடைன்னு எண்ணிச் சொல்வாங்க. போட்டுக்காரனுக்கு நம்ம கரைக்கு வந்தா கோஸ்ட் கார்டுல மாட்டிக்குவோம், போட்டும் போயிரும்னு பயம். அதனால ராத்திரில தீடைல இறக்கிவிட்டு 'இந்தியா வந்துட்டுது, இப்பிடியே நடவுங்கோ'ன்னு சொல்லிட்டு திரும்பிருவான். விடிஞ்சு பாத்தா நாலு பக்கமும் தண்ணி. குடிக்கத் தண்ணி இல்ல, நிழல் இல்ல, புல்லு பூண்டு கூட சரியா இல்ல. மீன்பிடிக்கப் போற நம்மாளுக யாராவது பாத்து போன் அடிச்சா மண்டபத்துல இருந்து கோஸ்ட் கார்டு ஹோவர்கிராஃப்ட் போய் தூக்கிட்டு வரும். பாக்கலைன்னா வெயில்ல கிடக்க வேண்டியதுதான், கைக்குழந்தையோட.

2022ல வந்த ஒரு அக்கா கடைக்கு ஜெராக்ஸ் எடுக்க வந்தாங்க. கையில ஆங்கர் பால்மா டின். மூடியைச் சுத்தி மெழுகுதிரி உருக்கி ஊத்தி அடைச்சிருந்துச்சு, நான் கத்தரிக்கோல் நுனியால சுரண்டி எடுத்துத்தான் திறந்தோம். உள்ள பொலித்தீன்ல சுத்தி மூணு பிள்ளைகளோட பிறப்புச் சான்றிதழ், அவங்க ஐடென்டிட்டி கார்டு, கல்யாணப் பதிவு, காணி உறுதி, அதாவது நிலப் பத்திரம். ஒரு சொட்டு ஈரம் இல்ல. மாத்துத்துணிப் பை ரெண்டையும் கடல்ல போட்டுட்டாங்களாம், டின்னை மட்டும் விடல. 'பேப்பர் இல்லாட்டி நாங்கள் ஆரெண்டு எப்பிடித் தம்பி சொல்லுறது'ன்னாங்க. எங்க அம்மா 90ல வரும்போது ஒத்தப் பேப்பர் எடுக்கல, ஓடுற அவசரம் அப்பிடி. அந்த வித்தியாசம் எவ்வளவு பெருசுன்னு கீழ கீழ படிச்சா உங்களுக்கே புரியும்.

வந்து இறங்கினதும் என்ன செய்வாங்க? ஜெயில்ல போடுவாங்களா?

முதல்ல மரைன் போலீஸ் விசாரணை, அப்புறம் தமிழ்நாடு போலீஸோட உளவுப் பிரிவான கியூ பிராஞ்ச். பேரு, ஊரு, யாரு கூட்டிட்டு வந்தா, இயக்கத்துல இருந்தியா, எல்லாம் கேப்பாங்க, ஒரே கேள்விய நாலு பேரு கேப்பாங்க. போர் நடந்தப்ப வந்தவங்களை மண்டபத்துல பதிவு பண்ணி, கொஞ்ச நாள் வச்சிருந்து, அப்புறம் திருச்சி, கும்மிடிப்பூண்டி, பவானிசாகர்னு எந்த முகாம்ல இடம் இருக்கோ அங்க அனுப்புவாங்க. சொந்தக்காரன் ஒரு மாவட்டம், நாம ஒரு மாவட்டம்னு சிதறுனது அப்படித்தான். யார் மேலயாவது சந்தேகம்னா சிறப்பு முகாம்னு தனியா ஒண்ணு இருக்கு, பேருதான் முகாம், வெளிய வர முடியாது.

2022க்கு அப்புறம் வந்தவங்க கதை வேற. அவங்களை மனிதாபிமானத்துல மண்டபத்துல தங்க வச்சு மாநில அரசு சோறு போட்டுச்சு, ஆனா முன்ன வந்தவங்களைப் போல முறையா அகதின்னு பதியல. இந்தியா 1951 அகதிகள் ஒப்பந்தத்துல கையெழுத்தே போடல, அகதிக்குன்னு தனிச் சட்டமும் கிடையாது. நம்ம நாட்டுச் சட்டத்து முன்னாடி வெளிநாட்டுக்காரன்னு ஒரே ஜாதிதான். இதை ஞாபகம் வச்சுக்கங்க, பின்னால குடியுரிமைக் கேள்வி எல்லாத்துக்கும் இதுதான் வேர்.

மாசாமாசம் சும்மா காசு குடுக்குறாங்க, அரிசி குடுக்குறாங்க, அப்புறம் என்னத்துக்கு எங்க வேலைக்குப் போட்டியா வர்றீங்க?

டீக்கடையில நேராவே கேட்டுருக்காங்க, அதனால நேராவே சொல்றேன். 2021ல கூட்டுனதுக்கு அப்புறம் குடும்பத் தலைவருக்கு மாசம் 1,500, மத்த பெரியவங்களுக்கு 1,000, பிள்ளைகளுக்கு 500. அதுக்கு முன்னாடி பல வருஷம் 1,000, 750, 400. நாலு பேரு குடும்பத்துக்கு மொத்தம் கூட்டிப் பாருங்க, 3,500. மண்டபத்துல ஒரு மாசம் மீன் குழம்பு வைக்காம இருந்தாக்கூட பத்தாது. ரேஷன் அரிசி ரொம்பக் காலம் கிலோ 57 பைசாவுக்குக் குடுத்தாங்க, அது பெரிய உதவிதான், இல்லைன்னு சொல்லல. பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துல சேத்துக்கிட்டதும், ஆஸ்பத்திரில நீ யாருன்னு கேக்காம ஊசி போட்டதும் இந்த மண்ணு செஞ்சது, அதை மறந்து பேசுனா வாய் அழுகிப் போகும்.

ஆனா சோறு வேற, பொழப்பு வேற. முகாம் ஆம்பளைக முக்காவாசிப் பேரு பெயிண்டிங் வேலைக்குப் போறாங்க, ஏன்னா அதுக்கு சர்டிபிகேட் கேக்க மாட்டாங்க, சாரத்துல ஏற தைரியம் இருந்தா போதும். பொம்பளைங்க நண்டுக் கம்பெனி, கருவாடு, தையல். மன்னார்ல தலைமுறையா மீன் பிடிச்ச சனத்துக்கு இந்தக் கடல்ல தொழில் செய்யுறதுதான் கஷ்டம், பேர்ல படகு எடுக்க முடியாது, எல்லைப் பிரச்சனை வேற. கண்ணு முன்னாடி கடல் இருக்கு, அப்பா கையில பிரஷ் இருந்துச்சு. டீக்கடைல கேட்ட அண்ணனுக்கு நான் சொன்னது, வேலையை நாங்க பிடுங்கல, உங்க வீட்டுக்கு வெள்ளையடிச்சதே எங்கப்பாதான்.

வெளியூர்ல வேலை கிடைச்சா போய்த் தங்கலாமா? செக்கிங் அன்னிக்கு இல்லைன்னா பேரை வெட்டிருவாங்களாமே?

போகலாம், சொல்லிட்டுப் போகணும். மாசத்துல குறிப்பிட்ட நாள்ல வருவாய்த்துறை ஆள் வந்து குடும்பம் குடும்பமா ஆள் எண்ணுவாங்க, அந்தச் செக்கிங்குக்கு நேர்ல நிக்கணும். கோயம்புத்தூர் திருப்பூர்ல வேலை செய்யுற பையங்க இதுக்குன்னே நைட் பஸ் பிடிச்சு வந்து, கை தூக்கிட்டு, மறுபடி பஸ் ஏறுவாங்க, ரெண்டு நாள் சம்பளம் போச்சு. முன்னாடியே எழுதிக் குடுத்து அனுமதி வாங்குனா சமாளிக்கலாம், சொல்லாம தொடர்ந்து வராம இருந்தாத்தான் உதவித்தொகை நிக்கும், பேருக்கும் சிக்கல். காலேஜ் ஹாஸ்டல்ல இருக்குற பிள்ளைகளுக்கு போனஃபைடு வாங்கிக் குடுத்துருங்க.

படிச்சா நல்ல வேலை கிடைக்கும்தானே? பிள்ளைகளை எதுவரைக்கும் படிக்க வைக்கிறது?

முடிஞ்ச வரைக்கும் படிக்க வைங்க, இதுல ரெண்டு பேச்சு இல்ல. இன்ஜினியரிங் சேர்றவங்கள்ல மார்க் வரிசைல முதல் 50 பேருக்கு படிப்புச் செலவு, ஹாஸ்டல் செலவு எல்லாத்தையும் அரசே ஏத்துக்கும்னு 2021ல அறிவிச்சாங்க, கலைக் கல்லூரிப் பிள்ளைகளுக்கும் உதவித்தொகையைக் கூட்டுனாங்க. ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம் எண்பதுகள்ல இருந்து முகாம் பிள்ளைக படிப்புக்கு உழைச்சிருக்கு, இலங்கைத் தமிழர் தலைவர் தந்தை செல்வாவோட மகன் சந்திரகாசன் ஆரம்பிச்சது. நான் ரெண்டாம் வாய்ப்பாடு படிச்சதே அவங்க வச்ச மாலை வகுப்புலதான்.

வேலைதான் முட்டுது. அரசு வேலை கிடையாது, அதுக்கு இந்தியக் குடிமகனா இருக்கணும். பிரைவேட்ல இன்டர்வியூ எல்லாம் தாண்டிருவாங்க, கடைசில ஹெச்ஆர் பாஸ்போர்ட் கேப்பாங்க, ஆன்சைட் போகணும்னு. அங்க நின்னுரும். பி.ஈ முடிச்சுட்டு சாரத்துல ஏறுன பையன் எங்க லைன்லயே இருக்கான், சித்தப்பாவோட சேந்து பெயிண்ட் அடிக்கிறான். அதைப் பாத்துட்டுத்தான் பத்தாவதோட நிறுத்துறாங்க பாதிப் பேரு. நிறுத்தாதீங்க. பேப்பர் நிலைமை நாளைக்கு மாறுனா அன்னிக்குப் போய் படிக்க முடியாது.

பத்துக்குப் பத்து வீடுன்னு சொல்வாங்களே, இன்னும் அப்படியா?

பாதி மாறிருக்கு. 2021ல 317 கோடி ரூபாய்க்கு அறிவிச்ச திட்டத்துல 7,469 பழைய வீடுகளை இடிச்சுப் புதுசு கட்டுறது பெரிய பங்கு. வேலூர் மேல்மொணவூர் மாதிரி இடங்கள்ல கட்டி முடிச்சு குடுத்துட்டாங்க. பட்டா யார் பேர்லன்னு மட்டும் கேக்காதீங்க, இடம் அரசாங்கத்தோடது.

எங்க தாத்தாவே முதுகுளத்தூர் பக்கந்தான், தேயிலைத் தோட்டத்துக்குப் போனவரு. நாங்க எப்படி அகதி ஆனோம்?

இது மலையகத்துல இருந்து வந்தவங்க கேக்குறது, கேக்கும்போதே கோவம் வரும் அவங்களுக்கு, நியாயந்தான். முதல் கேள்வில சொன்ன அதே வாசல் வழியா ராம்நாடு, புதுக்கோட்டை, திருச்சி ஜில்லா சனம் தோட்டத்துக்குப் போச்சு. இலங்கை சுதந்திரம் வாங்குன கையோட 1948ல ஒரு சட்டம் போட்டு அவங்க குடியுரிமையைப் பறிச்சாங்க. 1964 அக்டோபர் 30ல இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் நம்ம பிரதமர் சாஸ்திரியும் உக்காந்து ஆளைப் பங்கு பிரிச்சாங்க, அஞ்சேகால் லட்சம் பேரு இந்தியாவுக்கு, மூணு லட்சம் பேரு இலங்கைக்கு, மிச்சம் ஒன்றரை லட்சத்தை 1974ல பாதி பாதி. அந்த சனத்துக்கிட்ட யாரும் ஒரு வார்த்தை கேக்கல. ஒப்பந்தம் போட்ட ரெண்டாவது மாசம் புயல்ல தனுஷ்கோடியே போச்சு, அப்புறம் ராமேஸ்வரத்துல இருந்து கப்பல் ஓடுச்சு. எண்பதுகள்ல சண்டை வந்ததும் அதுவும் நின்னுச்சு.

கப்பல்ல, இந்தியப் பாஸ்போர்ட்டோட முறையா வந்தவங்க தாயகம் திரும்பியோர், குடிமக்கள். அதே குடும்பத்துல அண்ணன் 79ல கப்பல்ல வந்துருப்பாரு, தம்பி 'கொஞ்சம் பொறுத்து வர்றேன்'னு வவுனியா பக்கம் போய் காடு வெட்டிக் குடியிருந்து, 90ல சண்டைல படகு ஏறிருப்பாரு. அண்ணன் குடிமகன், தம்பி அகதி. தாத்தா கிராமத்துல ரெண்டு பேருக்கும் குலசாமி ஒண்ணுதான், மாசி சிவராத்திரிக்கு ரெண்டு பேரும் அங்கதான் போய் பொங்கல் வைக்கிறாங்க. திருச்சி கொட்டப்பட்டு மாதிரி முகாம்கள்ல இருந்து இப்படி 65 பேரு கோர்ட்டுக்குப் போனாங்க, 2019ல மதுரை ஐகோர்ட் இவங்க மனுவைப் பரிசீலிக்கணும்னு சொல்லுச்சு. பழைய பாஸ்போர்ட் மனு, தோட்டத்துச் சம்பளச் சீட்டு, தாத்தா ஊர் பேரு போட்ட எந்தத் துண்டுச் சீட்டு இருந்தாலும் எறியாதீங்க.

நான் பொறந்ததே ராமநாதபுரம் ஜிஎச்லதான், ஆதார் இருக்கு, ஓட்டு மட்டும் ஏன் இல்ல?

ஆதார் இங்க குடியிருக்குறதுக்கு அடையாளம், குடியுரிமைக்கு இல்ல. வெளிநாட்டுக்காரனும் போதுமான நாள் இங்க தங்குனா வாங்கலாம். பேங்க் அக்கவுண்ட், லைசென்ஸ் எல்லாம் இதே கதைதான்.

பொறந்த தேதிதான் விஷயம். 1987 ஜூலை 1க்கு முன்னாடி இந்தியாவுல பொறந்திருந்தா, அப்பா அம்மா யாரா இருந்தாலும் பிறப்பாலேயே குடிமகன். அதுக்கு அப்புறம் 2004 டிசம்பர் 3க்கு முன்ன பொறந்தா, அப்பா அம்மாவுல ஒருத்தராவது இந்தியரா இருக்கணும். அதுக்கும் அப்புறம்னா ரெண்டு பேரும் இந்தியர், இல்ல ஒருத்தர் இந்தியரா இருந்து இன்னொருத்தர் சட்டவிரோதமா வந்தவரா இருக்கக் கூடாது. மண்டபம் முகாம்லயே 1986ல பொறந்த ஒரு பெண்மணி பாஸ்போர்ட் கேட்டு மதுரை ஐகோர்ட்டுல போராடி 2022ல ஜெயிச்சாங்க, 2024 எம்பி எலெக்ஷன்ல ஓட்டும் போட்டாங்க. அந்தச் செய்தி வந்த வாரம் என் கடைல கூட்டம், எல்லாரும் பிறப்புச் சான்றிதழைத் தூக்கிட்டு. பாதிப் பேரு 88, 90, 91. அக்கா 87 மே, தங்கச்சி 89 ஜனவரி, ஒரே ஆஸ்பத்திரி, ஒரே வார்டு. அக்காவுக்கு வழி இருக்கு, தங்கச்சிக்கு இல்ல. அந்தப் பிள்ளைக்கு அதை நான்தான் சொல்ல வேண்டியதாப் போச்சு. 87க்கு முன்ன பொறந்தும் சும்மா இருக்குறவங்க இன்னும் இருக்கீங்க, உடனே ஒரு வக்கீலைப் பாருங்க.

சிஏஏன்னு குடியுரிமைத் திருத்தச் சட்டம் கொண்டு வந்தாங்களே, அதுல நாங்க இல்லையா? நாங்களும் இந்துதானே, வேதக்காரங்களும் (கிறிஸ்தவங்க) இருக்காங்களே?

இல்ல. 2019 சட்டம் பாகிஸ்தான், பங்களாதேஷ், ஆப்கானிஸ்தான் மூணு நாட்டுக்கு மட்டும். மதம் பொருந்துனாலும் நாடு பொருந்தல. ஏன்னு என்கிட்ட கேட்டா எனக்கு வர்ற பதில் ஜெராக்ஸ் கடையில சொல்ற மாதிரி இருக்காது.

2025ல ஏதோ ஆர்டர் வந்துச்சே, இனிமே பாஸ்போர்ட் கிடைச்சுருமா?

வாட்ஸப்ல 'குடியுரிமை குடுத்துட்டாங்க'ன்னு சுத்துச்சு, லட்டு குடுத்தவங்களும் உண்டு. விஷயம் அவ்வளவு இல்ல. 2025 செப்டம்பர் 1ல இருந்து வெளிநாட்டவருக்கான புதுச் சட்டம் நடைமுறைக்கு வந்துச்சு, அதோட வந்த விலக்கு ஆணைல 2015 ஜனவரி 9 வரைக்கும் இங்க வந்து பதிவு பண்ணிக்கிட்ட இலங்கைத் தமிழருக்கு பாஸ்போர்ட், விசா இல்லாம இருக்குறதுக்கான தண்டனைல இருந்து விலக்கு. அதாவது பேப்பர் இல்லாம இருக்கேன்னு கேஸ் போட மாட்டாங்க. நிம்மதிதான், சின்ன விஷயம்னு சொல்ல மாட்டேன், ஆனா இது குடியுரிமை இல்ல, அதுக்கு வழியைத் திறக்குமான்னு பெரிய வக்கீல்களே ஆளுக்கொண்ணு சொல்றாங்க. அதே வருஷம் மே மாசம் ஒரு இலங்கைத் தமிழர் வழக்குல சுப்ரீம் கோர்ட், உலகம் பூரா இருந்து வர்றவங்களை வச்சிருக்க இந்தியா என்ன தர்மசத்திரமான்னு கேட்டதும் நடந்துச்சு. ரெண்டையும் சேத்து வச்சுப் பாருங்க. 2022ல வந்தவங்க இந்தத் தேதிக்குள்ள வர மாட்டாங்க, அதையும் கவனிங்க.

எம் மக கேம்ப் பையனை விரும்புறா. கட்டிக் குடுத்தா அவ இந்தியக்காரிங்குறது போயிருமா? பேரப்பிள்ளைக எந்த நாடு?

போகாதும்மா, உங்க மக எப்பவும் இந்தியக் குடிமகதான். கல்யாணத்தைப் பதிவு பண்ணுங்க, கோயில்ல சர்ச்சுல முடிச்சுட்டு சும்மா விட்டுறாதீங்க. மாப்பிள்ளைக்கு கல்யாணத்தால குடியுரிமை வருமான்னா, இந்தியரைக் கட்டி ஏழு வருஷம் இங்க இருந்தா மனு போடலாம்னு சட்டம் சொல்லுது, ஆனா சட்டவிரோதமா வந்தவருக்கு அது கிடையாதுன்னும் அதே சட்டந்தான் சொல்லுது. படகுல வந்தவருக்கு அந்த இடத்துல கதவு சாத்திருது.

பேரப்பிள்ளைக விஷயம்தான் சிக்கல். மேல பொறந்த தேதியை வச்சுச் சொன்ன மூணு விதியில கடைசியைப் பாருங்க. இன்னிக்குப் பொறக்குற பிள்ளைக்கு அம்மா இந்தியர்ங்குறது மட்டும் பத்தாது. ஸ்கூல், ஆஸ்பத்திரி, ஆதார் எதுக்கும் தடை இருக்காது, பதினெட்டு வயசுல பாஸ்போர்ட்டுக்குப் போறப்ப அப்பா யாருன்னு கேள்வி வரும். இதைச் சொல்றது கல்யாணத்தைத் தடுக்க இல்ல. பையன் நல்லவனான்னு மட்டும் முதல்ல பாருங்க, எங்க முகாம்ல இருந்து உச்சிப்புளிக்கும் தங்கச்சிமடத்துக்கும் எத்தனையோ சம்பந்தம் நடந்து நல்லாத்தான் இருக்காங்க.

பிள்ளைக்கு இலங்கைக் குடியுரிமை பதிஞ்சு வைக்கட்டா? பதிஞ்சா இந்தியாவுல கிடைக்க வேண்டியது போயிருமா?

இதுதான் முகாம்ல சண்டையே வர்ற கேள்வி, புருஷன் பதியலாம்பான், பொண்டாட்டி வேணாம்பா. என் அபிப்பிராயம் இது. 87க்கு முன்ன இங்க பொறந்தவங்க அவசரப்படாதீங்க, நீங்க ஏற்கனவே இந்தியக் குடிமகன், தானா போய் இன்னொரு நாட்டுக் குடியுரிமை எடுத்தா இது போயிரும். அதுக்கு அப்புறம் பொறந்து, அப்பா அம்மா ரெண்டு பேரும் இலங்கைக்காரங்கன்னா, இங்க இழக்குறதுக்கு இப்போதைக்கு ஒண்ணும் இல்ல. ரெண்டு நாட்டுலயும் பேரில்லாம இருக்குறதுக்கு ஒரு நாட்டுலயாவது இருக்கட்டும். சென்னைல இருக்குற இலங்கைத் துணைத் தூதரகத்துல பதியணும், லேட்டாப் பதிஞ்சா அபராதம் உண்டு, அப்பா அம்மா பிறப்புச் சான்றிதழ் கேப்பாங்க. அங்கதான் எங்க அம்மா மாதிரி வெறுங்கையோட வந்தவங்க மாட்டுறது, மன்னார் கச்சேரில (அங்க மாவட்ட அரசாங்க ஆபீஸை அப்படித்தான் சொல்வாங்க) இருந்து நகல் எடுக்க ஊர்ல ஒரு சொந்தம் வேணும். தோட்டத்துல இருந்து வந்தவங்களுக்கு இலங்கைக் குடியுரிமை குடுக்குற 2003 சட்டமும், இந்தியாவுல இருக்குறவங்களையும் சேத்துக்க 2009ல பண்ணுன திருத்தமும் இருக்கு.

போர் முடிஞ்சு இவ்வளவு வருஷம் ஆச்சே, திரும்பிப் போனா என்ன? நாகப்பட்டினத்துல கப்பலே ஓடுதே?

ஊர்க்காரங்க ஈசியாக் கேக்குறது. நாகப்பட்டினம் காங்கேசன்துறை கப்பல் 2023 அக்டோபர்ல ஆரம்பிச்சு, நின்னு, 2024 ஆகஸ்ட்ல மறுபடி ஓடுச்சு, ஆனா அதுக்குப் பாஸ்போர்ட் வேணுமே, அதுதானே இல்ல. முறையாப் போனவங்க ஐ.நா. அகதிகள் அமைப்பான யு.என்.எச்.சி.ஆர் சென்னை ஆபீஸ்ல பதிஞ்சாங்க, தூதரகத்துல பயண ஆவணம், இங்க வெளியேற அனுமதி, எல்லாம் சரியானா விமான டிக்கெட்டும் கொஞ்சம் கைச்செலவுக்கும் தந்தாங்க. அப்படி முறையா 2025 மே மாசம் போன ஒரு முதியவரையே பலாலி ஏர்போர்ட்ல, அந்தக் காலத்துல பாஸ்போர்ட் இல்லாம நாட்டை விட்டுப் போனதுக்காகக் கைது பண்ணாங்க. பிறகு விட்டுட்டாங்க, ஆனா இங்க மூட்டை கட்டி வச்சிருந்த நாலு குடும்பம் மூட்டையை அவுத்துட்டாங்க.

காணி இன்னொரு தலைவலி. பத்து வருஷம் ஒருத்தர் நம்ம இடத்துல எதிர்ப்பில்லாம உக்காந்துட்டா அவரே உரிமை கேக்கலாம்னு அங்க சட்டம், போர்ல இடம்பெயர்ந்தவங்களுக்காக 2016ல தனிச் சட்டம் போட்டாங்க, அதுக்கும் காலக்கெடு வச்சாங்க, முகாம்ல இருந்தவனுக்கு அது தெரிஞ்சு வழக்குப் போடுறதெல்லாம் நடக்குற காரியமா. வயசானவங்க போகத்தான் ஆசைப்படுறாங்க. பிள்ளைகளுக்கு அங்க போனா சிங்களம் தெரியாது, இங்க படிச்ச சர்டிபிகேட் செல்லுமான்னு பயம், கட்டிக் குடுத்தது இங்க. ஒரே வீட்டுல பாதி அங்க பாதி இங்கன்னு பிரிய யாருக்கும் மனசில்ல, ஏற்கனவே பிரிஞ்சு பாத்தாச்சு.

ஏஜென்ட் ஒருத்தர் போட்டுல ஆஸ்திரேலியா ஏத்தி விடுறேங்குறார், போகலாமா அண்ணை?

போகாதீங்க. 2013 ஜூலை 19க்கு அப்புறம் படகுல வர்றவங்க யாரையும் ஆஸ்திரேலியாவுல குடியேத்த மாட்டோம்னு அவங்க தெளிவாச் சொல்லிட்டாங்க. 2014 ஜூன்ல பாண்டிச்சேரில இருந்து போன படகுல நம்ம சனம் 157 பேரு, சின்னப் பிள்ளைகளும் சேத்து. நடுக்கடல்ல பிடிச்சு வாரக்கணக்குல கப்பல்லயே வச்சிருந்து, கடைசில நவுருத் தீவுல கொண்டு போய் விட்டாங்க. ஏஜென்ட் இதைச் சொல்ல மாட்டான். அட்வான்ஸ் வாங்குன மறுநாள் அவன் போன் சுவிட்ச் ஆஃப். தீடைல இறக்கி விட்டவனும் இதே ரகம்தான், கடல்தான் பெருசு.

சரி, எந்தெந்தப் பேப்பரை எடுத்து வைக்கணும், ஒரே தடவையாச் சொல்லிருங்க.

இங்க பொறந்தவங்க பிறப்புச் சான்றிதழ், அதுல அப்பா அம்மா பேரு, முகாம் அடையாள அட்டையில இருக்குற பேரு, ஸ்கூல் டிசில இருக்குற பேரு மூணும் ஒரே எழுத்துல இருக்கான்னு பாருங்க. 'யோகேஸ்வரி' ஒண்ணுல 'ஜோகேஸ்வரி' ஆகி அதுக்கே ரெண்டு வருஷம் அலைஞ்சவங்க இருக்காங்க, இலங்கை எழுத்துப் பழக்கமும் இங்க எழுதுறதும் வேற வேற. முதல்ல வந்தப்ப மண்டபத்துல பதிஞ்ச சீட்டு, குடும்ப அட்டை, பழைய உதவித்தொகைப் புத்தகம் கிழிஞ்சிருந்தாலும் வைங்க, எந்தத் தேதில வந்தீங்கன்னு காட்ட அதுதான் சாட்சி, 2015 ஜனவரி 9 விஷயத்துல அது முக்கியம். இலங்கைல இருந்து எடுத்து வந்த எதுவா இருந்தாலும் தனி ஃபைல். இறந்து போனவங்க இறப்புச் சான்றிதழும் அதுலயே வைங்க, பேரப்பிள்ளை மனுவுக்கு தாத்தா பேப்பர் கேப்பாங்க.

தயவு செஞ்சு ஒரிஜினலை லேமினேஷன் பண்ணாதீங்க, அதுக்கு மேல சீல் வைக்க முடியாதுன்னு திருப்பி அனுப்பிருவாங்க, இதைச் சொன்னா எனக்கு இருபது ரூபா நஷ்டம், பரவால்ல. போன்ல போட்டோ எடுத்து இன்னொருத்தர் போனுக்கும் அனுப்பி வைங்க. எந்த ஆபீஸ்லயும் ஒரிஜினலை விட்டுட்டு வராதீங்க, கட்டாயம் வேணும்னு வாங்கி வச்சுக்கிட்டா கையெழுத்துப் போட்ட ரசீது கேளுங்க, குடுக்க மாட்டேன்னா குடுக்குற வரைக்கும் அங்கயே நில்லுங்க.